மே தினத்தின் சென்னைப் பூர்வீகம்

பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஷிப்டு முறையில் உழைப்போருக்கு மே முதல் தேதி சம்பளத்துடன் கூடிய விடுமுறையாக வருவது இன்று சாதாரண விஷயமாகிவிட்டது. ஆயினும் அதன் மூலம், எட்டு மணி நேர வேலை கோரி 1886-இல் சிகாகோ தொழிலாளர் நடத்திய கிளர்ச்சியிலும், அதையொட்டி 1889-இல் பாரிஸ் சர்வதேச மாநாடு செய்த தீர்மானத்திலும் இருக்கிறது.

இந்தியாவில் அத்தினத்தை முதன்முதலாக அனுஷ்டித்த பெருமை சென்னைக்கே உரியது. மீனவர் குலத்தில் பிறந்து வக்கீலாக விளங்கியவரும், ஒத்துழையாமை இயக்க காலத்தில் அத்தொழிலையே துறந்தவருமான ம. சிங்காரவேலர், 1923 மே முதல் தேதியன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலிருந்த கடற்கரையிலும் கூட்டங்கள் நடத்தி, ஹிந்துஸ்தான் லேபர் கிஸான் கட்சியைப் பிரகடனம் செய்தார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் அந்நிய ஆட்சியில் செங்கொடி ஏற்றத் துணிந்ததை, நம் பாடநூல்கள் இன்னும் சற்று விஸ்தாரமாகவே சொல்லியிருக்கலாம்.

சரித்திரத்துக்கு விநோத ரசனை உண்டு போலும்! சரியாக நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், தினசரி வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடந்தரும் மசோதா தமிழகச் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்களின் பலத்த ஆட்சேபத்தால் முதலில் நிறுத்தி வைக்கப்பட்ட அது வாபஸ் பெறப்பட்டதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தது, சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில், மே தினத்தன்றே.

யந்திரங்களை நிறுத்த இயலாத ஆலைகளில் அன்றும் வேலை நடப்பதுண்டு. அவ்வாறு உழைப்பவருக்கு இரட்டைச் சம்பளமோ, சம்பளத்தோடு மாற்று விடுமுறையோ தரவேண்டுமென்பது தமிழ்நாட்டின் 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம்.