காலி மருந்து டப்பா வீட்டுக்குள் வரலாமா?

திருநாவலூர் வட்டாரத் தம்பதிகளே!

நெல்லுக்கும் உளுந்துக்கும் அடிப்பதை மருந்து என்கிறோம். பெயர்தான் மருந்து, உள்ளே இருப்பது விஷம். டப்பா காலியானதும், "நல்லா கழுவிட்டேன், எண்ணெய் ஊத்தி வைக்கலாமே" என்று வீட்டுக்கு எடுத்து வருகிறவர்கள் உண்டு. எத்தனை முறை கழுவினாலும் விஷம் ஒட்டி நிற்கும்.

பீகாரில் சரண் மாவட்டத்தில் 2013 ஜூலை 16 அன்று பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து இருந்தது சோதனையில் தெரிந்தது. பூச்சிமருந்து இருந்த டப்பாவில் எண்ணெயை வைத்திருந்ததாக அதிகாரிகள் கூறினார்கள். எண்ணெய் சரியில்லையே என்று சமைத்த அம்மா முன்பே சொன்னாராம்.

இவ்வகை விஷம் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். நரம்பைத் தாக்கும், வியர்த்துக் கொட்டும், எச்சில் வடியும், வாந்தி வரும், மூச்சுத் திணறும். முழுகாமல் இருக்கும் மனைவி மருந்து கலக்கவோ, மருந்தடித்த துணியைத் துவைக்கவோ கூடாது. அதைக் கணவரே தனியாகத் துவைக்கட்டும்.

காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரைத் தெளிப்பானிலேயே ஊற்றுங்கள். பிறகு டப்பாவில் ஓட்டை போட்டு, கிணற்றுக்கும் வீட்டுக்கும் தூரமாகப் புதைத்துவிடுங்கள்.

யாருக்காவது விஷம் ஏறியதாகத் தெரிந்தால், துணியைக் களைந்து உடம்பைச் சோப்பு போட்டுக் கழுவி, 108-ஐக் கூப்பிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்தின் லேபிளையும் எடுத்துப் போங்கள்.