பெல்லட் ஸ்டவ் பத்த மாட்டேங்குதா? இக்னைட்டர் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க



ஸ்மார்ட் தெர்மோஸ்டாட் எபிசோடுக்குப் பிறகு ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருந்தது: "தெர்மோஸ்டாட் சரியாத்தான் இருக்கு, பெல்லட் ஸ்டவ்தான் பத்த மாட்டேங்குது. இக்னைட்டர் போயிடுச்சா?" நியூ ஹாம்ப்ஷயரில் பல குளிர்காலங்களை இந்த அடுப்போடு ஓட்டியவன் என்ற முறையில் என் பதில்: போயிருக்கலாம். ஆனால் அதைக் கடைசியாகச் சந்தேகப்படுங்க. வெளியே மைனஸ் 15 டிகிரி இருக்கும்போது, புது பார்ட் தபாலில் வரும்வரை தண்ணீர்க் குழாய் உறையாமல் காத்திருக்காது.

முதலில் பாதுகாப்பு

பத்தலைன்னதும் நம்ம கை தானாக மறுபடி ஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். வேண்டாம். ஒவ்வொரு முயற்சியிலும் கிண்ணத்தில் பெல்லட் குவியும். அது தீ இல்லாமல் புகைந்து, அடுப்புக்குள் எரியக்கூடிய வாயு நிரம்பி, திடீரென்று ஒரே நேரத்தில் பற்றினால் "டமார்" என்று வெடிக்கும், கண்ணாடி உடையலாம். உள்ளே புகை நிறைந்திருந்தால் கதவைத் திறக்காதீங்க, கரண்டையும் நிறுத்தாதீங்க. ஃபேன் புகையை வெளியேற்றட்டும். நன்றாக ஆறிய பிறகு கிண்ணத்தைக் காலி பண்ணுங்க. எடுத்த பெல்லட்டை மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு வீட்டுக்கு வெளியே வையுங்க. திரும்ப ஹாப்பரில் கொட்டவே கூடாது. வீட்டில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லையென்றால், முதலில் வாங்க வேண்டியது அதுதான்.

ஸ்டார்ட் ஆகும்போது என்ன நடக்குது?

புகையை இழுக்கும் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். ஆகர் என்கிற திருகு, ஹாப்பரிலிருந்து பெல்லட்டைக் கொண்டுவந்து எரிகிண்ணத்தில் போடும். இக்னைட்டர் கம்பி பழுக்கச் சூடாகும்; அதை உரசிப்போகும் காற்று, கிண்ணத்தின் ஓட்டை வழியாக பெல்லட் மேல் ஊதும். விறகடுப்புக்கு ஊதாங்குழல் மாதிரிதான், ஆனால் ஊதுவது அனல்காற்று. கடைசியாக, புகைப்பாதையில் உள்ள சென்சார் "சூடு வந்தாச்சு" என்று சொல்லணும். பெரும்பாலான மாடல்களில் 10 முதல் 20 நிமிஷத்துக்குள் அந்தச் செய்தி வரலைன்னா, போர்டு எல்லாத்தையும் நிறுத்தி எரர் காட்டிவிடும்.

ஆக, எரர் ஒண்ணுதான், காரணம் நாலு. எதுன்னு கண்டுபிடிக்க கண்ணாடி வழியாகப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சுது.

1. கிண்ணத்தில் பெல்லட்டே விழலை

ஹாப்பர் ஒருமுறை முழுசாகக் காலியாகியிருந்தால் ஆகரும் காலியாக இருக்கும். அது நிரம்ப நேரம் எடுக்கும். அப்படி இல்லையென்றால், ஹாப்பர் அடியில் மரத்தூள் சேர்ந்து அடைச்சிருக்கா பாருங்க. அடுத்து கதவு, சாம்பல் தட்டு, ஹாப்பர் மூடி எல்லாம் இறுக்கமாக மூடியிருக்கான்னு பாருங்க. காற்று கசிந்தால் வேக்யூம் ஸ்விட்ச் ஆகரை ஓடவிடாது. கதவின் கயிறு போன்ற கேஸ்கெட்டைச் சோதிக்க, ஆறிய அடுப்பில் ஒரு ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ வைத்து மூடி இழுங்க. சுலபமாக வந்தால் கேஸ்கெட் மாத்தணும்.

2. புகை வருது, தீ வரலை

இக்னைட்டர் வேலை செய்யுது என்பதற்கு இந்தப் புகையே சாட்சி. பிரச்சினை காற்றில் அல்லது பெல்லட்டில். கிண்ணத்தின் ஓட்டைகளைச் சாம்பல் உருகி இறுகிய கட்டி அடைச்சிருக்கும். சுரண்டி எடுத்து, ஒவ்வொரு ஓட்டையையும் கம்பியால் குத்திவிடுங்க. சுத்தம் பண்ணி திரும்ப வைக்கும்போது கிண்ணம் ஒரு பக்கம் தூக்கலாக உட்கார்ந்தாலும் அனல்காற்று பக்கவாட்டில் தப்பிவிடும்.

பெல்லட் பற்றி: வட அமெரிக்காவின் பிஎஃப்ஐ பிரீமியம் தரத்தில் ஈரம் அதிகபட்சம் 8 சதவீதம், சாம்பல் 1 சதவீதம். ஐரோப்பாவின் ஈஎன்பிளஸ் ஏ1 தரத்தில் ஈரம் 10, சாம்பல் 0.7. ஈரமான கராஜ் தரையில் அடுக்கிய மூட்டைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வீட்டுக்குள் வைத்திருந்த வேறு மூட்டையைப் போட்டுப் பாருங்க.

3. பத்துது, கொஞ்ச நேரத்தில் தானாக நின்னுடுது

இங்கே இக்னைட்டரைத் திட்டாதீங்க, பாவம். சென்சார் மேல் கரி படிந்து, சூடு அதுக்குத் தெரியாமல் இருக்கலாம். மெதுவாகத் துடைங்க. புகைக்குழாயையும் ஃபேனையும் சுத்தம் பண்ணி எவ்வளவு நாளாச்சுன்னு யோசிங்க.

4. பெல்லட் இருக்கு, புகையே இல்லை, கருகக்கூட இல்லை

இப்போதான் இக்னைட்டர் மேல் சந்தேகம். அடுப்பு முழுசாக ஆறியதும் பிளக்கைப் பிடுங்கி, இக்னைட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றி, மல்டிமீட்டரில் ஓம் பாருங்க. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வர வேண்டிய எண் கிடைக்கும். 120 வோல்ட், 300 வாட் என்றால் சுமார் 48 ஓம். ஐரோப்பாவில் 230 வோல்ட்டுக்கு சுமார் 176. அதற்குப் பக்கத்தில் காட்டினால் இக்னைட்டர் நல்லாயிருக்கு. சில மாடல்களில் அதற்கென்றே தனி ஃபியூஸ் உண்டு, அதைப் பாருங்க. மீட்டர் ஒன்றுமே காட்டாமல் சுற்று அறுந்திருந்தால் மட்டும் புதுசு ஆர்டர் பண்ணுங்க. கரண்ட் ஓடும்போது போர்டில் வோல்ட் அளக்கும் வேலையை டெக்னீஷியனிடம் விட்டுடுங்க.

பார்ட் வரும்வரை

பல மாடல்களில் கையாலும் பத்த வைக்கலாம். மேனுவல் அனுமதிக்குதான்னு பார்த்துக்கோங்க. கிண்ணத்தில் ஒரு கைப்பிடி பெல்லட், அதன்மேல் பெல்லட் அடுப்புக்கென்றே விற்கும் ஜெல், தீக்குச்சி, உடனே கதவை மூடுவது. அவ்வளவுதான். பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதீங்க. கங்கு இருக்கும் கிண்ணத்தில் ஜெல்லைப் பீய்ச்சவும் கூடாது.

எரர் கோடு, மாடல் நம்பர், கண்ணாடி வழியாகத் தெரிந்தது என்ன, இந்த மூன்றையும் எழுதி இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. அடுத்த எபிசோடில் எடுத்துப் பேசலாம். அதுவரை கதகதப்பா இருங்க!