உஷார்! பின்கழுத்துக் கறுப்பு அழுக்கல்ல

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செரு, ராமச்சந்திராபுரம் பக்கம் பெண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார்களே, இன்றைக்கே மகளின் பின்கழுத்தைப் பாருங்கள். தோல் கறுத்துத் தடித்திருந்தால் பீர்க்கங்கூட்டால் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறி ஏறியிருப்பதன் அடையாளமாக அது இருக்கலாம். கூடவே, வயசுக்கு வந்து மூன்று வருஷமாகியும் மாதவிலக்கு 45 நாளுக்கு மேல் தள்ளிப்போகிறது, மோவாயில் முடி, அடங்காத பரு என்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இவை பிசிஓஎஸ் என்ற சினைப்பைச் சிக்கலின் அறிகுறிகளாக இருக்கலாம். அது பரம்பரையாகவும் வரும். சர்க்கரை மட்டுமே காரணமல்ல. ஆனால் ஓயாமல் இனிப்பு உள்ளே போய், எடையும் ஏறினால், உடம்பு இன்சுலினுக்குப் பணிய மறுக்கும். கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கும். அந்த மிகையான இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டிவிடும். கருமுட்டை முழுதாக முதிராமல் நின்றுபோகும். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வேதனை! பல வருஷம் மாதவிலக்கு ஒழுங்காக வராவிட்டால் கருப்பையின் உட்சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. பிசிஓஎஸ் உள்ள பெண்களில் 70 சதவீதம் பேர் வரை அதை அறியாமலே இருக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

ஒரு நாளைக்கு 25 கிராம் சர்க்கரைக்குள் நிற்பது நல்லது என்று அதே நிறுவனம் 2015இல் சொன்னது. கால் லிட்டர் கோலாவிலேயே ஏறத்தாழ 26 கிராம் இருக்கிறது. ஷிப்டுக்கு ஷிப்டு குடிக்கும் டீயையும், தொட்டுக்கொள்ளும் உஸ்மானியா பிஸ்கட்டையும் தனியாகக் கணக்குப் போடுங்கள்.

மருந்துக்கடையில் வாங்குவதிலும் கவனம் வேண்டும். மாதவிலக்குச் சோர்வுக்கும் மசக்கை வாந்திக்கும் ஓஆர்எஸ் என்று நம்பி வாங்கிய சில டெட்ரா பாக்கெட்டுகளில் லிட்டருக்கு நூறு கிராமுக்கும் மேல் சர்க்கரை இருந்தது. உண்மையான ஓஆர்எஸ்ஸில் 13.5 கிராம் குளுக்கோஸ்தான். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் போராடிய பிறகுதான், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பானங்களில் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடத் தடை விதித்தது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள்.

1972 முதல் சோளத்தையும் கம்பையும் ஆராயும் இக்ரிசாட் நிறுவனம் நம் பட்டான்செருவில்தான் இருக்கிறது. சிறுதானியம் சாப்பிடுவோருக்கு ரத்தச் சர்க்கரை குறைவதை அது முன்னின்று நடத்திய ஆய்வு 2021இல் காட்டியது. அந்தக் கேட்டுக்கு வெளியே நம் பிள்ளைகள் கூல்டிரிங்க் பாட்டிலோடு நிற்பதைப் பார்த்தால் பதறுகிறது.

கர்ப்பிணிகளே, முதல் செக்கப்பிலேயே சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கும் அளவு 140ஐத் தொட்டால், அது கர்ப்பகாலச் சர்க்கரை நோய். முதலில் சரியாக இருந்தாலும், 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடியும் எடுத்தே ஆகவேண்டும்.