சிங்கத்தைக் காணும் முன்: கென்ய வனப் பயணத்திற்கான முன்னேற்பாடுகள்

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், ஓர் ஆகஸ்டு மாதத்தில் தம் துணைவியாருடன் எமது கிளைக்கு வந்தார். நெடுநாளைய வாடிக்கையாளர். கென்யாவின் மசாய் மாராவைக் காணச் செல்வதாகவும், செலவுக்கு டாலர் வேண்டும் என்றும் கூறினார். மூன்றாம் நாள் விமானம். ஆறு இரவுகள் தங்கித் திரும்புதல். படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கையில், “மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா?” என்று கேட்டேன்.

“இந்தியாவிலிருந்து போகிறவர்களிடம் கென்யாவில் அதைக் கேட்பதில்லை என்று ஏற்பாட்டாளர் சொன்னாரே, சார்” என்றார்.

அவர் கேள்விப்பட்டது தவறன்று. ஆனால் கேட்கப் போவது கென்யா அன்று. திரும்பி வரும்போது நம் நாடுதான் கேட்கும். மறுநாளே ஊசி போட்டாலும் தாயகம் திரும்பும் நாளில் பத்து நாள் நிறைந்திராது. அபராதம் கட்டி அவர்கள் பயணத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தது. சிங்கத்தையும் யானையையும் எண்ணித் தயங்குவோர் பலர். உண்மையில் இப்பயணத்தில் இழப்பைத் தருபவை பெரும்பாலும் வீட்டிலிருக்கும்போதே கவனிக்கத் தவறிய காகிதங்களும் கணக்குகளுமே.

திரும்பும்போது கேட்கப்படும் சான்றிதழ்

மஞ்சள் காய்ச்சல் கொசுவால் பரவும் வைரஸ் நோய். நம் நாட்டில் அந்நோய் இல்லை. ஆயினும் அதைப் பரப்பவல்ல கொசு இங்கு எங்கும் உண்டு. ஆகவே, நோய் நிலவும் நாடுகளிலிருந்து வருவோரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயமாகக் கோரப்படுகிறது. அந்த நாடுகளுள் கென்யாவும் ஒன்று. சான்றிதழ் இல்லாதோர் ஆறு நாள்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம்.

ஊசி போட்ட பத்தாம் நாளுக்குப் பின்னரே சான்றிதழ் செல்லுபடியாகும். 2016-ஆம் ஆண்டு முதல் அது வாழ்நாள் முழுமைக்கும் ஏற்கப்படுகிறது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே இதனைப் பெற இயலும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிறுவனம் அவற்றுள் ஒன்று. மையங்களில் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே ஊசி போடப்படுவதும் உண்டு. எனவே ஒரு மாதத்திற்கு முன்பே கடவுச்சீட்டுடன் செல்வது நன்று. அறுபது வயதைக் கடந்தோர், கருவுற்றோர், முட்டை ஒவ்வாதோர் ஆகியோர் முதலில் தம் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும்.

மலேரியாவுக்கான தடுப்பு மாத்திரைகளைப் பற்றியும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவற்றைப் பயணத்திற்கு முன் தொடங்கி, திரும்பிய பின்னும் மருத்துவர் குறித்த காலம் வரை உட்கொள்ள வேண்டும். ஊர் திரும்பிய பிறகு காய்ச்சல் கண்டால், ஆப்பிரிக்கா சென்று வந்ததை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

நுழைவு அனுமதியும் முக்கியமானது. 2024 ஜனவரி முதல் கென்யா விசாவுக்கு மாற்றாக மின்னணு பயண அனுமதி முறையைக் கொண்டுவந்துள்ளது. அரசின் அதிகாரபூர்வ இணையதளத்திலேயே விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இயங்கி, கூடுதல் கட்டணம் பெறும் தனியார் தளங்களும் உள்ளன.

கட்டணத்தில் அடங்காதவை

சுற்றுலாத் தொகுப்பின் விலையைப் பார்ப்பதற்கு முன், ‘அடங்காதவை’ என்ற பகுதியைப் படியுங்கள். மசாய் மாரா காப்பகத்தின் நுழைவுக் கட்டணம் 2024-இல் மாற்றியமைக்கப்பட்டது. வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். தம்பதியர் மூன்று நாள்கள் தங்கினால் ஆகஸ்டில் இதற்கு மட்டும் 1,200 டாலர் ஆகும். பிப்ரவரியில் இதில் பாதிதான். இத்தொகை தொகுப்பில் சேர்ந்ததா, புறப்படும் நாளின் காலைச் சுற்றுக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பவற்றை எழுத்து மூலம் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட காட்டு மாடுகள் தான்சானியாவின் செரெங்கெட்டியிலிருந்து புறப்பட்டு மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காண ஜூலை முதல் அக்டோபர் வரையே ஏற்ற காலம். சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி ஆகியவை ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்பவை. அவை போதும் என்போர் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைத் தேர்ந்தால் செலவு குறையும். ஏப்ரல், மே மாதங்கள் பெருமழைக் காலம்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை வாங்கும்போது விற்பவர் உங்களிடம் ‘மூலத்தில் வசூலிக்கப்படும் வரி’யைப் பெறுவார். இதன் விகிதம் நிதிநிலை அறிக்கைதோறும் மாறக்கூடும். நடப்பு விகிதத்தைக் கிளையில் கேட்டறியலாம். இது செலவன்று, முன்கூட்டிச் செலுத்தும் வரியே. உங்கள் பான் எண்ணின்கீழ் 26ஏஎஸ் படிவத்தில் வரவாகும். வரி செலுத்த வேண்டாத ஓய்வூதியர்களும் வருமான வரி விவரணம் தாக்கல் செய்தால்தான் அதைத் திரும்பப் பெற முடியும். பலர் இதை மறந்துவிடுகின்றனர்.

டாலரைக் கொண்டு செல்லும் முறை

இந்திய ரிசர்வ் வங்கியின் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுச் செலவுக்குப் பயன்படுத்தலாம். எனினும் கென்யா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரை மட்டுமே நோட்டுகளாக எடுத்துச் செல்லலாம். எஞ்சியதை அந்நியச் செலாவணி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ரூபாய் 50,000-க்கு மேற்பட்ட அந்நியச் செலாவணியை ரொக்கம் கொடுத்து வாங்க இயலாது. கணக்கிலிருந்தே செலுத்த வேண்டும்.

கிழக்கு ஆப்பிரிக்காவில் 2006-க்கு முன் அச்சான டாலர் நோட்டுகளை வாங்கத் தயங்குவர். கிழிந்தவையும் எழுத்துப் பட்டவையும் அவ்வாறே. நோட்டின் ஆண்டைக் கிளையிலேயே பார்த்து வாங்குங்கள். ஓட்டுநருக்கும் விடுதிப் பணியாளருக்கும் அன்பளிப்பு தருவது அங்கு வழக்கம். ஆகவே சிறு மதிப்பு நோட்டுகளையும் கேட்டுப் பெறுங்கள்.

அட்டையைத் தேய்க்கும்போது, ‘ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா?’ என்று இயந்திரம் கேட்கும். ரூபாய் நமக்குப் பழகியது என்பதால் பலர் அதையே அழுத்துகின்றனர். அப்போது மாற்று விகிதத்தை நிர்ணயிப்பது கடையின் பக்கமுள்ள நிறுவனம். அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும். கென்ய ஷில்லிங்கையே தேர்ந்தெடுங்கள். டாலர் ஏற்றிய அட்டையை ஷில்லிங்கில் பயன்படுத்தினால் நாணய மாற்றுக் கட்டணம் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பயணம் முடிந்து மீந்த செலாவணியில் 2,000 டாலர் வரை கையில் வைத்திருக்கலாம். அதற்கு மேற்பட்டதைத் திரும்பிய 180 நாள்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

காப்பீடும் பெட்டியும்

காட்டில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் அருகில் பெரிய மருத்துவமனை இராது. நைரோபிக்கு விமானத்தில்தான் கொண்டு செல்ல வேண்டும். அப்பகுதியில் 1957 முதல் பறக்கும் மருத்துவர் சேவை இயங்கி வருகிறது என்பதே இத்தேவையின் அளவைக் காட்டும். ஆகவே பயணக் காப்பீட்டில் ‘அவசர மருத்துவ வெளியேற்றம்’ அடங்கியுள்ளதா என்று பாருங்கள். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் முதலியவற்றை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். பிரீமியத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்காகப் பல லட்சம் ரூபாய் உரிமைக்கோரிக்கை மறுக்கப்படக்கூடும்.

நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் செல்லும் சிறு விமானங்களில் ஒருவருக்குப் பொதுவாக 15 கிலோ மட்டுமே அனுமதி. அதுவும் மென்மையான துணிப்பையாக இருக்க வேண்டும். நெகிழிப் பைகளுக்குக் கென்யாவில் 2017 முதல் கடுமையான தடை உள்ளது. ஊறுகாயையும் முறுக்கையும் நெகிழிப் பையில் சுற்றி எடுத்துச் செல்லாதீர்கள். மாரா சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலை குளிரும். கம்பளிச் சட்டை தேவை. ட்செட்சே ஈக்களைக் கருநீலமும் கறுப்பும் ஈர்க்கும். மங்கிய காக்கி அல்லது பழுப்பு நிறமே நலம். மின்செருகிகள் மூன்று தட்டையான முனைகள் கொண்டவை. அதற்குரிய மாற்றியை இங்கேயே வாங்கிவிடுங்கள்.

வாகனத்தில் இருக்கும்போது வழிகாட்டி சொல்வதே சட்டம். இறங்கக் கூடாது, உரக்கப் பேசக் கூடாது. சிங்கத்திற்கு இன்னும் அருகே செல்லும்படி பணம் கொடுத்து ஓட்டுநரைத் தூண்டவும் கூடாது.

நிறைவாக ஒரு கால அட்டவணை: மூன்று மாதங்களுக்கு முன் தொகுப்பின் நிபந்தனைகள், ஒரு மாதத்திற்கு முன் தடுப்பூசியும் காப்பீடும், இரு வாரங்களுக்கு முன் மின்னணு அனுமதி, ஒரு வாரத்திற்கு முன் அந்நியச் செலாவணி.

அந்த ஆசிரியரும் துணைவியாரும் அடுத்த மாதம் புறப்பட்டுச் சென்று நலமாகத் திரும்பினர். மீந்த டாலரை மாற்றக் கிளைக்கு வந்தபோது, சிங்கத்தின் படத்தைக் காட்டுவதற்கு முன் சட்டைப் பையிலிருந்த மஞ்சள் நிறச் சான்றிதழை எடுத்துக் காட்டி, “முதலில் கேட்டது இதைத்தான்” என்றார்.