மாலைப் பொழுதும் மூலிகைக் குடிநீரும்

நாள் முழுவதும் கந்தோரிலோ கடையிலோ உழைத்துக் களைத்தவர், அந்தி சாய்ந்ததும் ஒரு கிளாஸ் சாராயத்தை நாடுவது நம் நாட்டிற் புதிய செய்தியன்று. அவரைக் குடிகாரர் என்று அயலவர் கூறுவதில்லை. தவறணை வாசலில் விழுந்து கிடப்பவருமல்லர். "உடம்பு அலுப்புக்குக் கொஞ்சம்" என்பதே அவர் சொல்லும் காரணம். அவ்வலுப்பைத் தீர்க்கும் மூலிகை எதுவும் இல்லையா என்று மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் வினவுவதுண்டு. வினா நியாயமானதே. விடைதான் விளம்பரங்களிற் காண்பதுபோல் அத்துணை எளிதன்று.

மது அலுப்பைத் தீர்ப்பதாகத் தோன்றுவது ஏன்? அது மூளையின் விழிப்பைத் தணிக்கிறது. கவலை சற்று மறைகிறது. நித்திரையும் விரைந்து வருகிறது. ஆனால், நடுநிசிக்குப் பின் மது உடலை விட்டு நீங்கத் தொடங்கியதும் அந்நித்திரை துண்டு துண்டாகக் கலைகிறது. கனவு காணும் நித்திரையும் குறைகிறது. விடியும்போது பழைய களைப்போடு புதிய களைப்பும் சேர்ந்திருக்கும். அதனைப் போக்க அன்று மாலை மீண்டும் போத்தல்!

இனி மூலிகைகளுக்கு வருவோம். நம் நாட்டு வீதியோரக் கடைகளில் இரு பூக்களின் குடிநீர் நெடுங்காலமாக விற்கப்படுகிறது. சிங்கள மக்கள் 'பெலிமல்' என்பது நாம் சிவபெருமானுக்குரியதாகப் போற்றும் வில்வமரத்தின் பூ. அவர்கள் 'ரணவரா' என்பது வறண்ட நிலத்திற் பொன்னிறமாகப் பூக்கும் நமது ஆவரசு. இவற்றோடு நன்னாரி வேரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் நறுமணத்தை அறியாத வீடு அரிது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள, நித்திரையைத் துரத்தும் பொருள் இம்மூன்றிலும் கிடையாது.

இவை மதுவைப் போல் மயக்குமா எனின், மயக்கா. அப்படி மயக்குமென்று சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். அவை செய்யும் உதவி வேறு வகையானது. மாலைக் குடியிற் பாதி, அந்த வேளையின் பழக்கம்: சாய்மனைக் கதிரை, கையில் ஒரு பாத்திரம், அவசரமின்றிச் சிறிது சிறிதாகப் பருகுதல், அருகில் ஒருவரோடு பேச்சு. அந்த இடத்தைச் சூடான, மணமுள்ள குடிநீரொன்று நிரப்பிவிட முடியும். பழக்கத்திற்காகவே குடிப்பவருக்கு இதுவே பெரும்பாலும் போதுமானது.

யாழ்ப்பாணத்தார்க்குப் பனைமரம் இதே பாடத்தை வேறு விதமாகக் கற்பிக்கிறது. வெறும் முட்டியில் இறங்கும் சாறு புளித்துக் கள்ளாகிறது. உட்புறம் சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவதோ புளிக்காமற் கருப்பநீராகிறது. மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. பருவகாலத்திற் பிளாவிலே கருப்பநீரைப் பருகியவாறு கூடியிருந்து பேசியவர்க்கு மகிழ்ச்சி குறைந்ததாகத் தெரியவில்லை. இனிப்பு மிகுந்ததாகையால் நீரிழிவுள்ளோர் மட்டும் விலகி நிற்க வேண்டும்.

உண்மையாகவே உடலைத் தளர்த்தி மனத்தை அமைதிப்படுத்தும் மூலிகை உலகில் இல்லாமலில்லை. பசிபிக் தீவுகளில் விளையும் 'காவா' அவ்வகையது. நம் வெற்றிலைக்கும் மிளகுக்கும் இனமான செடி. அதன் வேரை இடித்துக் குளிர்ந்த நீரிற் பிசைந்து வடித்துச் சிரட்டையிற் பருகுவர். முதலில் நாக்கு மரக்கும். பின்னர் தசைகள் தளரும். அளவோடு பருகினால் அறிவு பெரிதும் தெளிவாகவே இருக்கும். பீஜித் தீவிற்கு 1903ஆம் ஆண்டு முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய கரும்புத்தோட்டக் கூலிகளுள் தமிழரும் பலர். அத்தீவின் இந்திய வம்சாவளியினர் நாளடைவில் இப்பானத்தைத் தமதாக்கிக்கொண்டனர்; மாலையிற் காவாப் பாத்திரத்தைச் சுற்றி அமர்ந்து உரையாடுவது இன்றும் அவர்கள் வழக்கம்.

வலிமையுள்ள மூலிகைக்கு அதற்குரிய விலையும் உண்டு. ஈரலுக்குக் கேடு விளைப்பதாக எழுந்த முறைப்பாடுகளால் 2002ஆம் ஆண்டு ஜேர்மனி காவா மருந்துகளைத் தடைசெய்தது. 2014இல் நீதிமன்றமொன்று அத்தடையை நீக்கியது. விவாதம் அத்தோடு முடிந்தபாடில்லை. மிகையாகப் பருகுவோரின் தோல் வறண்டு செதிலாகிறது. மதுவோடு சேர்த்து அருந்துவது பெருந்தவறு. மென்மையான பூக்களே நம் வீட்டுக்குப் போதும் என்பது எமது எண்ணம்.

பலர் கவனியாத ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அசுவகந்தாரிஷ்டம், திராட்சாரிஷ்டம் முதலிய அரிஷ்டங்கள் மூலிகை மருந்துகளேயாயினும், புளிக்கவைத்தே செய்யப்படுவன. நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை மதுசாரம் அவற்றிலிருக்கும். குடியை விட முயல்பவர் கையில் அப்போத்தலைக் கொடுப்பது நகைப்புக்கிடமானது.

இதுவரை கூறியவை அலுப்புக்குக் குடிப்பவருக்கு. காலையிலேயே கை நடுங்கி, குடித்தபின் நடுக்கம் நிற்பவரின் நிலை முற்றிலும் வேறு. பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவரின் போத்தலை ஒருநாள் திடீரென ஒளித்துவைத்துவிட்டுக் குடிநீரை நீட்டுவது அன்பினாற் செய்யப்படும் ஆபத்தாகும். சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தோன்றும். இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் மூன்றாம் நாளில் இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் சன்னி நிலை ஏற்பட்டால் உயிருக்கே மோசம். இத்தகையவரை முன்கூட்டியே வைத்தியரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். அவர் நடுக்கத்தைப் படிப்படியாகத் தணிக்கும் மருந்தோடு, தயமின் என்னும் விற்றமினையும் கொடுத்து ஒரு சில நாட்களில் அந்தக் கண்டத்தைக் கடக்கச் செய்வார். எந்தப் பூவும் எந்த வேரும் அவ்வேலையைச் செய்யா.

அவர் குணமடைந்து வீடு திரும்பிய பின்னரோ, மாலை ஆறு மணி என்பது நாள்தோறும் வரத்தானே செய்யும்? அவ்வேளைக்கு அடுப்பில் ஏதேனும் இருக்கட்டும். உலர்ந்த வில்வம்பூ ஒரு பிடியை மூன்று கோப்பை நீரிலிட்டுச் சிறு நெருப்பிற் பத்து நிமிடம் கொதிக்க விடுக. நிறம் தேநீர்போற் சிவந்ததும் வடித்து, பனங்கட்டித் துண்டு ஒன்றைத் தனியே வைத்துக் கொடுக்கலாம். குடிநீரிற் கரைத்துவிடாமல், கடித்துக்கொண்டு பருகுவதே சுவை. ஒருவருக்கு மட்டும் வார்க்காமல் வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் வார்த்துக்கொள்க.