ஐந்தாம் படிவத்து ஆங்கிலத் தேர்வும் நம் பிள்ளைகளும்

இரவில் பிள்ளை மலாய் மொழிப் புத்தகத்தை விரித்தால், நாம் அருகில் சென்று இரண்டொரு சொல் கேட்கிறோம். ஆங்கிலப் புத்தகமாக இருந்தால், 'நமக்கென்ன தெரியும்' என்று ஒதுங்கிவிடுகிறோம். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேறியாக வேண்டும். ஆங்கிலத்தில் தவறினாலும் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். இதனாலேயே அப்பாடம் பல வீடுகளில் பின்னுக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பயில விரும்பும் பிள்ளை பின்னர் 'மூயெட்' எனும் ஆங்கிலத் தேர்வையும் எழுத வேண்டும். ஐந்தாம் படிவத்தில் விட்ட குறை அங்கே வழிமறிக்கும்.

ஆங்கிலம் அறியாத பெற்றோர் இதில் என்ன செய்ய இயலும் என்பதையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் இலக்கியம். 2000ஆம் ஆண்டு முதல் இடைநிலைப்பள்ளி ஆங்கிலப் பாடத்தில் கவிதை, சிறுகதை, நாவல் ஆகியவை சேர்க்கப்பட்டன. அந்நாளில் ஐந்தாம் படிவத்திற்கு வைக்கப்பட்ட நாவல்களுள் 'தி ரிட்டர்ன்' என்பதும் ஒன்று. அதை எழுதிய கே. எஸ். மணியம் 1942இல் கெடா மாநிலத்துப் பீடோங்கில் பிறந்த தமிழர். 1981இல் வெளிவந்த அந்நாவலில், மருத்துவமனையில் சலவைத் தொழில் செய்யும் ஒருவரின் மகனான ரவி, தமிழ்ப்பள்ளியை விட்டு ஆங்கிலப் பள்ளிக்குச் செல்கிறான். இந்தியாவிலிருந்து வந்த பாட்டி பெரியாத்தாவின் உலகம் ஒருபுறம், ஆங்கில ஆசிரியை காட்டும் உலகம் மறுபுறம் என அவன் மனம் இழுபடுகிறது. நம் வீட்டுக் கதையைப் போன்ற ஒன்று தேர்வுப் பாடமாக அமைந்திருந்தது என்பதைப் பலர் அறியார்.

2021இல் வந்த புதிய தேர்வு முறையில் இலக்கியத்திற்கெனத் தனிக் கேள்வி இல்லை. வகுப்பில் இலக்கியம் படிப்பது மட்டும் தொடர்கிறது. 'கேள்வி வராததை ஏன் படிக்க வேண்டும்' எனப் பிள்ளை கேட்கக்கூடும். கட்டுரைத் தாளில் ஒரு நூலைப் பற்றி மதிப்புரை எழுதும்படியோ கதை புனையும்படியோ கேட்கப்படலாம். ஒரு நாவலையேனும் ஊன்றிப் படிக்காத பிள்ளை அங்கே பேனாவைக் கடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும்.

பெற்றோர் செய்யத்தக்கது எளிது. படித்த கதையைத் தமிழில் சொல்லச் செய்யுங்கள். இடையில் இரண்டே கேள்விகளைக் கேளுங்கள்: 'அவன் ஏன் அப்படிச் செய்தான்?' 'அது கதையில் எந்த இடத்தில் வருகிறது?' கருத்தும் அதற்குக் கதையிலிருந்து சான்றும் காட்டும் பழக்கம் இவ்விரு கேள்விகளாலேயே வளரும். தமிழில் சொல்லத் தடுமாறும் பிள்ளைக்குக் கதை இன்னும் விளங்கவில்லை என்று கொள்ளலாம்.

அடுத்து, கட்டுரைத் தாள். ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பகுதிகளை எழுத வேண்டும். முதலாவது, ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சலுக்குப் பதில். இரண்டாவது, கொடுக்கப்பட்ட குறிப்புகளைக் கொண்டு 125 முதல் 150 சொற்களில் ஒரு கட்டுரை. மூன்றாவது, மூன்று தலைப்புகளுள் ஒன்றைத் தேர்ந்து 200 முதல் 250 சொற்கள். ஒவ்வொன்றுக்கும் 20 புள்ளிகள். அவை பொருள், படிப்பவருக்கேற்ற நடை, ஒழுங்கமைப்பு, மொழி என்னும் நான்குக்கும் ஐந்தைந்தாகப் பிரிக்கப்படும். மொழியில் சற்றுத் தளர்ந்த பிள்ளையும் கேட்டதற்கு ஒழுங்காக விடை எழுதிப் புள்ளி பெறலாம் என்பது இதனால் விளங்கும். மாறாக, மனனம் செய்த கட்டுரையைத் தலைப்புக்குப் பொருந்தாத இடத்தில் இறக்கிவைக்கும் பிள்ளை பொருளுக்குரிய புள்ளியை இழக்கிறது. மாதிரிக் கட்டுரைப் புத்தகங்களுக்குச் செலவிடும் பணத்தில் பாதியை ஓர் அகராதிக்குச் செலவிடலாம் என்பது நம் கருத்து.

எழுதப் பொருள் நம்மிடம் இல்லையா? விடியுமுன் மழை பெய்து, மரப்பட்டை நனைந்து, பெரட்டுக் களத்திலிருந்து வெறுங்கையோடு திரும்பும் தாயைப் பற்றி எழுத, தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் குறிப்புத் தர வேண்டியதில்லை. அவள் என்ன சொன்னாள், சமையலறையில் அன்று என்ன இருந்தது என்று உடன்பிறந்தவர்கள் நினைவூட்டினால் போதும்.

பிழைகளைப் பொறுத்தவரை, அவை வரும் வழியை அறிந்தால் பாதி குறையும். மலாய் மொழியில் காலத்திற்கேற்ப வினைச்சொல் உருமாறுவதில்லை. நேற்று நடந்ததைச் சொல்லவும் அதே சொல்தான். அப்பழக்கத்தில் பிள்ளை ஆங்கிலத்திலும் இறந்தகால வினையை மாற்றாது எழுதிவிடுகிறது. 'அவன் போகிறான்' என்பதற்கு 'ஹி கோஸ்' என எழுதாமல் 'ஹி கோ' என நிறுத்துவதும் இவ்வகையே. பெயர்ச்சொல்லின் முன் வரும் 'ஏ', 'தி' போன்ற சிறு சொற்களுக்கு நேரான வழக்கம் தமிழில் இல்லாமையால் அவையும் விடுபட்டுப் போகின்றன.

வாரம் ஒருமுறை, சனிக்கிழமை பிற்பகலில், வானொலியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டுப் பிள்ளையை ஒன்றரை மணி நேரம் எழுதச் சொல்லுங்கள். கடிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். பதினைந்து நிமிடம் ஆனதும் முதற்பகுதியையும், மேலும் முப்பது நிமிடம் ஆனதும் இரண்டாம் பகுதியையும் நிறுத்தச் சொல்லுங்கள். மூன்றாவதற்கு நாற்பது நிமிடம். எஞ்சும் ஐந்து நிமிடத்தில் பிள்ளை வேறெதையும் திருத்தாமல், வினைச்சொற்களின் அடியில் மட்டும் பென்சிலால் கோடிட்டுச் சரிபார்க்கட்டும். திங்களன்று அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.