சேர்ந்தது மேத்ஸ்... படிப்பது தமிழ்!

காலேஜில் சீட் கிடைத்துவிட்டால் பாதி டிகிரி கைக்கு வந்த மாதிரி நம் வீடுகளில் ஒரு நினைப்பு. ஸ்வீட் டப்பா காலியாகிற வரைக்கும்தான் அந்தச் சந்தோஷம். முதல் வாரத்திலேயே போர்டில் டைம்டேபிள் ஒட்டுவார்கள். ரகளை அங்கேதான் ஆரம்பம்.

என் அக்கா மகன் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பையன். பஸ் பிடித்து ராஜபாளையம் போய் பி.எஸ்ஸி. மேத்ஸ் படிக்கிறான். வந்தவன் பையைக்கூடக் கழற்றவில்லை.

"நல்லா இருக்கே மாமா நியாயம்! மேத்ஸ் படிக்கத்தானே சேர்ந்தேன்? வாரத்துக்கு ஆறு மணி நேரம் தமிழ், ஆறு மணி நேரம் இங்கிலீஷ். மேஜருக்குப் பத்துதான்!"

பையன் கணக்கு சரிதான். 2023-ல் மாநில உயர்கல்வி மன்றம் கொடுத்த மாதிரிப் பாடத்திட்டத்தில் வாரத்துக்கு 30 மணி நேரம். மொழிகளுக்குப் பன்னிரண்டு, மேஜருக்குப் பத்து, துணைப்பாடத்துக்கு நாலு, மிச்சம் நாலு மணி நேரம் இரண்டு குட்டிப் பேப்பருக்கு. வேடிக்கை என்னவென்றால், ஆறு மணி நேரம் உட்கார்ந்தாலும் தமிழுக்கு 3 கிரெடிட்தான். ஐந்து மணி நேரம் நடக்கும் மேஜர் பேப்பருக்கு 5! முதல் செமஸ்டருக்கு மொத்தம் 23. மூன்று வருஷத்தில் 140 சேர்த்தால் டிகிரி.

"அப்போ தமிழை லேசா விட்டுடலாம்ல?" என்றான்.

அங்கேதான் சார் ஆபத்து! 140 என்றால் 140. அதில் மூன்று குறைந்தாலும் பட்டம் கிடையாது. எங்கள் ஆபீசில் ஒருவர் இருந்தார். மேஜரில் எண்பதுக்குக் குறையாத மார்க். பார்ட் ஒன் தமிழில் மட்டும் ஒரு அரியர். 'அடுத்த அட்டெம்ப்ட்டில் பார்த்துக்கலாம்' என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பிரமோஷன் லிஸ்ட் வந்தபோது டிகிரி சர்ட்டிபிகேட் இல்லை. அவருக்கு ஆறு வருஷம் ஜூனியர், மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தார். டீ குடிக்கும்போது இன்றைக்கும் இலக்கணத்தைத் திட்டுவார், பாவம்.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை வேறு விதம். 1869-ல் ஹார்வர்டுக்குத் தலைவராக வந்த சார்லஸ் எலியட், பாடத்தை மாணவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று கதவைத் திறந்துவிட்டார். அங்கே பையன்கள் எந்தப் பாடம், எத்தனை மணிக்கு என்று தாங்களே கோத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் அப்படி மெனு கார்டு எல்லாம் கிடையாது. மெஸ் சாப்பாடு! இலையில் விழுந்ததைச் சாப்பிட வேண்டும். அப்பளமா, ஊறுகாயா என்பது மட்டும் நம் இஷ்டம்.

அந்த அப்பளம், ஊறுகாயிலும் விஷயம் இருக்கிறது. ராஜபாளையத்தில் ராஜுக்கள் வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள். இவன் நண்பன் ஒருவன், "பார்ட் ஒன்ல வேற மொழி எடுத்துட்டா தமிழ்லேர்ந்து தப்பிச்சுடலாம்டா" என்று ஐடியா கொடுத்திருக்கிறான். முதலில், அந்த மொழி அந்தக் காலேஜில் இருக்க வேண்டும். இருந்தாலும் தமிழ் விடாது! பள்ளியில் தமிழ் படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ், ப்ளஸ் டூ வரை படித்தவருக்குச் சிறப்புத் தமிழ் என்று பார்ட் ஃபோரில் வந்து நிற்கும். பார்ட் ஒன்னிலேயே தமிழ் எடுத்தவருக்குத்தான் அந்த இடத்தில் வேறு துறைப் பாடம் ஒன்றை எடுக்கும் வாய்ப்பு.

மருமகன் மறு பேச்சில்லாமல் தமிழையே வைத்துக்கொண்டு, வேறு துறைக்கு வணிகவியல் ஃபார்மை நிரப்பினான். கணக்குப் பதிவு தெரிந்தால் ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு மில் ஆபீசில் பார்ட் டைமாவது கிடைக்காதா என்பது அவன் கணக்கு. எனக்கும் சரியென்றே பட்டது.

சுற்றுச்சூழல் பேப்பர் ஒன்றும் வரும். 1991-ல் எம்.சி. மேத்தா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதன் பலன் அது. வீட்டு மாடியில் நின்றால் மேற்கு மலை தெரிகிறது. 1988-லிருந்து சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-லிருந்து புலிகள் காப்பகம். பையன்களோ அதையும் ஜெராக்ஸ் நோட்ஸில்தான் படிக்கப் போகிறார்கள்!

பார்ட் ஃபைவ் என்.எஸ்.எஸ். மாதிரி சமாசாரம். பேரைக் கொடுத்தான், முடிந்தது.

பெரிய தலைவலி டே ஆர்டர். திங்கள், செவ்வாய் என்று கிடையாது. ஒன்றிலிருந்து ஆறு வரை நாள். லீவு விழுந்தால் அந்த நாள் பாடம் அடுத்த வேலை நாளுக்கு நகரும். ஆடிப்பூரத் தேருக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டால், அன்றைக்கு நடக்க வேண்டிய பாடம் மறுநாள். 'புதன்கிழமை மத்தியானம் ஃப்ரீ' என்று வாக்குக் கொடுத்து டியூஷன் எடுக்கவோ, கடையில் கணக்கு எழுதவோ போக முடியாது. அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் வேறு. செமஸ்டருக்கு 90 நாள் என்றால் 22 நாள்தான் மட்டம் போடலாம். காய்ச்சல், கல்யாணம், கிரிக்கெட் எல்லாம் அதற்குள்!

இப்போது வீட்டு காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் பென்சிலால் 1, 2, 3 என்று நம்பர் போட்டு வைத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டு அக்கா கேட்டாளாம்:

"ஏண்டா, பால்காரர் கணக்கை இனிமே நீதான் பார்க்கப் போறியா?"